குணசேகரம் சொன்னது

சோலோதுர்ன்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியை வைத்த பிறகு இரண்டு தடவை எடுத்தேன். அம்மாதான் பேசினார். "அப்பா நடக்கப் போயிட்டார்" என்றார். அடுத்த வசனத்திலேயே, டாவோஸில் காலையிலிருந்து மழை விடவில்லை என்றும் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பட எடிட்டிங் வேலையை விடு என்றீர்கள். ஏன் என்று கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். நான் ஏன் விடமாட்டேன் என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.

டொரோட்டா மலிஷெவ்ஸ்காவை உங்களுக்கு 1984 குளிர்காலத்தில் ஹோட்டல் குசினியில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவிய போலந்துக்காரியாகத் தெரியும். அவர் பிறந்தது வூட்ஜ் என்ற நெசவாலை நகரத்தில். தாய் தறியில் நின்றவர். தறி இரைச்சலில் காது போன பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக் கதைப்பதைத்தான் அவர் முதல் படமாக எடுத்தார். இரண்டாவது படத்தில் ஒரு ரயில் தொழிலாளியின் விதவை, வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். நான்கு நிமிடக் காட்சி. அதை வெட்டினால் படத்தை விடுகிறோம் என்றார்கள் தணிக்கைக்காரர்கள். அவர் வெட்டவில்லை. படம் அலமாரிக்குள் போனது. 1981 டிசம்பரில் அங்கே இராணுவச் சட்டம் வந்தபோது அவர் ஒரு திரைப்பட விழாவுக்காக இங்கே சுவிஸுக்கு வந்திருந்தார். திரும்பிப் போகவில்லை. இரண்டு படம் எடுத்த இயக்குநர், நாற்பத்திரண்டு வயதில் உங்களோடு நின்று சட்டி தேய்த்தார். எட்டு வருடம் கழித்து அந்தப் படம் வார்சாவில் ஓடியபோது நான்கு நிமிடமும் அப்படியே இருந்தது. பார்க்கத் தாய் உயிரோடு இல்லை.

பிறகு நொஷாட்டல் நகரத்துக்குப் போய், கடிகாரத் தொழிற்சாலைப் பெண்கள், சுரங்கப்பாதை வெட்டியவர்கள் என்று ஏழு ஆவணப்படங்கள் எடுத்தார். இப்போது வயது எண்பத்திரண்டு. ஒரு கண் முழுதாகப் போய்விட்டது, மற்றது போய்க்கொண்டிருக்கிறது. கடைசிப் படம் என்று அவர் முடிக்க நினைப்பது, அந்த டாவோஸ் குசினியில் இரவல் கமராவில் எடுத்து வைத்த ஒன்பது பெட்டி பிலிமைத்தான். தமிழ் விளங்கும் எடிட்டர் ஒருவரைத் தேடியிருக்கிறார். என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குகநாதனின் மகளா?" என்றார்.

இப்படி ஒருவர் என்னைக் கூப்பிடும்போது நான் எப்படி விலகுவது? முப்பத்துநாலு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. மூன்று பெட்டி பார்த்து முடித்துவிட்டேன். அதில் நீங்கள் இன்னும் வரவில்லை.

கோசலா

டாவோஸ்
19 செப்டம்பர் 2024

கோசலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் காட்டவில்லை.

டொரோட்டா நல்ல மனுசி. அதை நான் மறுக்கவில்லை. முதல் மாதம் சவர்க்காரத் தண்ணீரில் எங்கள் கைகள் வெடித்து இரத்தம் வந்தபோது, தன் கையுறைகளைக் கழற்றித் தந்தவ அவதான். படம் எடுக்கிறவ என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கமராவோடு வந்து நின்ற அன்றுதான் தெரியும்.

ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. நாங்கள் ஐந்து பேர் அங்கே இருந்தோம். இரண்டு பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். குணசேகரம் 1985 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டார். கொழும்பு விமானநிலையத்திலேயே பிடித்தார்கள். அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அவருடைய மனைவி உன் ஊரில்தான் இருக்கிறா, தில்லைநாயகி அன்ரி. நீ படிக்க அங்கே போனபோது முதல் ஆறு மாதம் உனக்குச் சோறு தந்தவ. கணவனைத் திரையில் காட்டி அவவை இன்னொரு தடவை அழவைக்க வேண்டுமா? அதை நினைத்தாவது விடு.

எடிட்டருக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. அவ வேறு ஆளைப் பிடிப்பா.

அப்பா

சோலோதுர்ன்
3 ஒக்டோபர் 2024

அப்பாவுக்கு,

ஒன்பதாம் பெட்டியைப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு இருபத்தைந்து வயது. உருளைக்கிழங்கு மூட்டையில் இருக்கிறீர்கள். படத்துக்கு வெளியே டொரோட்டாவின் குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது, "உன் மொழியில் பேசு. எனக்கு விளங்க வேண்டாம்" என்று. பெட்டி பதினொரு நிமிடம் ஓடுகிறது.

நான்காவது நிமிடத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "அவன் எல்லாத்தையும் சொன்னவன். நான்தான் மாத்திச் சொன்னனான். வேலை தேடி வந்தவன் எண்டு இங்கிலீசில சொல்லிப்போட்டன்."

நான் இதைப் பல தடவை ஓடவிட்டுக் கேட்டேன். வேறு அர்த்தம் இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அசூல் என்ற அகதித் தஞ்ச விசாரணைக்கு வந்த அதிகாரி ஹோட்டலின் வேலைக்காரர் சாப்பாட்டறையில் இருந்து குணசேகரம் மாமாவிடம் கேள்வி கேட்டிருக்கிறார். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள் நடுவில் இருந்து மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அவர் தமிழில் சொன்னது ஒன்று, அதிகாரி எழுதிக்கொண்டது வேறொன்று. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. கடைசி நான்கு நிமிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

டொரோட்டா 1995இல் இதற்கு மொழிபெயர்ப்புக் கேட்டு உங்களுக்கு எழுதியிருக்கிறார். உங்கள் பதிலையும் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறார். உங்கள் கையெழுத்து, ஐந்து வரி. இங்கே பனி அதிகம், நண்பனை நினைத்துக் கவலைப்படுகிறேன், ஊர் ஞாபகம் வருகிறது. அவர் அதை நம்பவில்லை. "பதினொரு நிமிடத்துக்கு ஐந்து வரி போதாது" என்று என்னிடம் சொன்னார். நீ என்ன விளங்கிக்கொண்டாய் என்று தினமும் கேட்கிறார். இன்னும் ஒலி சரிப்படுத்துகிறேன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை இன்னும் ஒரு கிழமைதான் சொல்ல முடியும்.

அந்தப் படத்துக்குக் கீழே வரும் எழுத்தை நான்தான் போட வேண்டும். பொய்யாகப் போடமாட்டேன். வேறு யார் கேட்டாலும் கேட்கட்டும், அதை நீங்கள் என்னிடம் கேட்காதீர்கள்.

ஏன் என்று எழுதுங்கள்.

கோசலா

டாவோஸ்
9 ஒக்டோபர் 2024

கோசலாவுக்கு,

நீ இந்த நாட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம், வேலை, கடவுச்சீட்டு எல்லாம் உன் கைக்கு வந்தன. ஒரு அறையில் முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பேனையை வைத்துக்கொண்டு உன் உயிரை எழுதுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நாற்பது வருடம் குசினியில் நின்றேன்.

தில்லைநாயகியின் மகள் மதுஜாவின் கலியாணத்தில் தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுத்தவன் நான். தாய் கேட்டுத்தான் செய்தேன். அவவுக்கு இங்கே வரக் கடிதம் எழுதியதும், முதல் வேலை பிடித்துக் கொடுத்ததும் நான். இதெல்லாவற்றையும் ஒரு படத்துக்காக உடைக்கப்போகிறாயா? உடைத்து என்ன வரப்போகிறது? செத்தவர் எழும்பி வருவாரா?

அந்தப் பெட்டியை அழித்துவிடு. ஒலி கெட்டுப்போய்விட்டது என்று டொரோட்டாவுக்குச் சொல். செய்யாவிட்டால் தைப்பொங்கலுக்கு நீ இங்கே வர வேண்டாம். அம்மாவுக்குக் காரணம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

குகநாதன்

சோலோதுர்ன்
28 ஒக்டோபர் 2024

அப்பாவுக்கு,

கடிதத்தின் கீழே பெயர் எழுதியிருந்தீர்கள். நான் அப்பா என்றே எழுதுகிறேன்.

அழிக்கவில்லை. ஒலி கெட்டது என்றும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை நொஷாட்டலுக்குப் போய் டொரோட்டாவிடம், "அவர் சொன்னது எனக்கு முழுக்க விளங்கிவிட்டது. ஆனால் அதை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது, அவரிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன். கோபப்படுவார், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்பார் என்று நினைத்துத்தான் போனேன். இந்தப் படத்துக்காக நாற்பது வருடம் காத்திருக்கிறார். கண் இன்னும் எத்தனை மாதம் இருக்கும் என்று வைத்தியருக்கே தெரியவில்லை.

அவர் சொன்னார், "நான்கு நிமிடத்தை வெட்டச் சொன்னார்கள் என்பதற்காக நான் என் நாட்டை விட்டேன். ஒருவரைக் கட்டாயப்படுத்தி வெட்டுவிப்பதும் கட்டாயப்படுத்திக் காட்டுவிப்பதும் ஒரே வேலைதான். ஒன்பதாம் பெட்டி குகநாதனுடையது. அவன் சரி என்றால் வைப்போம். இல்லையென்றால் எட்டுப் பெட்டிதான் படம்."

ஆகவே முடிவு உங்கள் கையில். படம் உங்களை மிரட்டவில்லை. நானும் மிரட்டவில்லை.

ஆனால் ஒன்றை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நேற்றுத் தில்லைநாயகி அன்ரி வீட்டுக்குப் போனேன். பெட்டி பற்றி வாயே திறக்கவில்லை. மாமா எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்டேன். சுவரில் இருக்கும் படத்தைக் கையால் காட்டி, "வாய் செத்த மனுசன்" என்றார். "அதிகாரிக்கு முன்னால வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லியிருந்தா விட்டிருப்பினம். உன்ர அப்பா சொன்னவர்தானே, அவரை விட்டவைதானே. இந்த மனுசன் ஏன் சொல்லேல்லை? என்னையும் பிள்ளையையும் ஒருக்கா நினைச்சிருந்தா சொல்லியிருப்பார்." வருடத் திவசத்துக்கு அவர் படைப்பதே கோபத்தோடுதானாம்.

செத்தவர் எழும்பி வருவாரா என்று கேட்டிருந்தீர்கள். வரமாட்டார். ஆனால் அன்ரி அவரை முப்பத்தொன்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார், அப்பா. அவர் செய்யாத ஒன்றுக்காக.

கோசலா

டாவோஸ்
15 நவம்பர் 2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்து இரண்டு கிழமையாகிறது. தில்லைநாயகி குணசேகரத்தை ஏசுவா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் அவ ஒரு நாளும் அப்படிக் கதைத்ததில்லை.

ஏன் என்று கேட்டாய். எழுதுகிறேன்.

நானும் குணசேகரமும் ஒரு அறை. கூரைக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை முட்டும். அவர் தனக்கு நடந்ததை அங்கேதான் எனக்குச் சொன்னார். ஆமி றோட்டில் மறித்துக் கொண்டுபோனது, பதினொரு நாள் வைத்திருந்தது, இடக்கை விரல்கள் மடங்காமல் போனது. எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நடந்தது பயம் மட்டும். பயத்துக்கு ஒரு அத்தாட்சியும் காட்ட முடியாது. 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரே பயந்துகொண்டுதான் இருந்தது.

என் விசாரணை முதலில் வந்தது. அதிகாரி, உனக்கு என்ன நடந்தது, நாளும் இடமும் சொல் என்றார். என் வாயில் குணசேகரத்தின் பதினொரு நாள் வந்தது. அவர் சொன்ன றோட்டு, அவர் சொன்ன திகதி. விரலை மட்டும் விட்டுவிட்டேன். அது என்னிடம் இல்லை.

மூன்று கிழமை கழித்து அவருடைய முறை. அதே அதிகாரி, அதே கொப்பி. குசினியில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னையே கூப்பிட்டார்கள். குணசேகரம் கதைக்கத் தொடங்கினார். அவர் சொன்னதை நான் அப்படியே சொன்னால், ஒரே றோட்டும் ஒரே திகதியும் இரண்டாம் தடவை வரும். இரண்டு பேரையும் பொய்யர் என்று அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதை எனக்கே ஒரு நியாயமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். வேலை தேடி வந்தவர் என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் நன்றாகச் சொல்கிறேன் என்று நம்பினார். வெளியே வந்து, "பெரிய உதவி" என்று என் தோளில் கை வைத்தார். அந்தக் கை விரல் மடங்காது.

டொரோட்டாவுக்கு ஒரு வார்த்தையும் விளங்காது என்றுதான் அன்று சொல்லித் தொலைத்தேன். சொன்னால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ என்னோடு இன்னும் கதைக்கவில்லை. இரண்டு நேரமும் சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கிறது.

பெட்டிக்கு இப்போது நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நானல்ல. தில்லைநாயகியிடம் நான் போகிறேன். நீ சொல்லாதே. படம் சொல்லவும் விடாதே. நானே போகிறேன்.

அப்பா

சோலோதுர்ன்
19 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத நினைத்தேன். பொய்யாக இருக்கும். ஆனால் ஏன் என்று தெரியாத கோபத்தைவிட இது வேறு. இதோடு உங்களைப் பார்க்கலாம்.

அன்ரியிடம் போகும்போது நானும் கூட வரவா? ஸ்டேஷனிலிருந்து அவர் வீட்டுக்குப் பத்து நிமிடம். கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

கோசலா

டாவோஸ்
1 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

உன்னைக் கூப்பிடாமல் போனதற்குக் கோபிக்காதே. நீ பக்கத்தில் நின்றால் உன்னைப் பார்த்துக் கதைத்திருப்பேன்.

புதன்கிழமை போனேன். தில்லைநாயகி தேத்தண்ணி போட எழும்பினா. வேண்டாம், முதலில் இருங்கோ என்றேன். பிறகு சொன்னேன். உனக்கு எழுதியதைப் போலவே, ஒன்றையும் விடாமல், நியாயம் எதுவும் சேர்க்காமல். றோட்டு, திகதி, கொப்பி, வேலை தேடி வந்தவர் என்ற அந்த ஒரு வசனம்.

ஏசுவா, அடிப்பா என்று நினைத்தேன். அவ கேட்டது ஒன்றுதான். "அப்ப அவர் வாய் திறந்தவரோ?"

"ஓம். எல்லாம் சொன்னவர். ஒண்டும் விடேல்லை" என்றேன்.

அவ எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அதைப் பார்த்துச் சொன்னா, "நான் இந்த மனுசனுக்கு ஒரு நாளும் மனசோட விளக்கு வைக்கேல்லை."

பிறகு என்னைப் பார்த்தா. "நீங்கள் எனக்குச் செய்ததெல்லாம் இதுக்குத்தானோ?"

ஓம் என்று சொன்னேன். முதலில் இதற்குத்தான், பிறகு பழகிவிட்டது என்றேன். அதுதான் உண்மை.

"இனி நீங்கள் என்ர வீட்டை வரவேண்டாம்" என்றா. சப்பாத்தைப் போடும்போது பின்னால் வந்து நின்றா. "டொரோட்டா எண்ட அந்த மனுசியிட்டச் சொல்லுங்கோ. அவரை ஒண்டிலயும் வெட்டவேண்டாம்."

ஒன்பதாம் பெட்டிக்கு நான் ஓம் சொல்கிறேன். டொரோட்டாவுக்கு எழுத்தில் வேண்டுமென்றால் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். நான் சொன்னதை நீ ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் போடு.

அம்மா நேற்று என்னோடு கதைத்தா. பனி சறுக்கும், கம்பி போட்ட சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ என்றா.

அப்பா

சோலோதுர்ன்
12 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அன்ரியும் மதுஜா அக்காவும் எடிட்டிங் அறைக்கு வந்தார்கள். டொரோட்டாவும் நொஷாட்டலிலிருந்து தனியாக ரயில் ஏறி வந்துவிட்டார், வெள்ளைப் பொல்லைத் தட்டிக்கொண்டு.

முதலில் நான்காம் பெட்டியைப் போட்டேன். குணசேகரம் மாமா பெரிய சட்டி மூடி ஒன்றைச் சுவரில் சாத்தி வைத்து, அதில் முகம் பார்த்துத் தலை இழுக்கிறார். சீப்பு வலக்கையில். கமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். அவருக்கு இருபத்தேழு வயது. மதுஜா அக்காவுக்கு நாற்பது. அக்கா தன் தகப்பன் அசைவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அக்கா கைக்குழந்தையாக இருக்கும்போது ஊரைவிட்டுப் போனவர் அவர். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று ஆறு தடவை போடச் சொன்னார். அன்ரி, "எண்ணெய் காணாது, அதுதான் படியேல்லை" என்று மட்டும் சொன்னார்.

டொரோட்டாவுக்குத் திரை தெரியவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்கள் இருவர் பக்கமும் திரும்பி இருந்தார். அவர்கள் மூச்சைக் கேட்டு எந்த இடம் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்.

ஒன்பதாம் பெட்டியைப் பார்க்க வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்துகிறேன் என்றேன். போடு என்றார் அன்ரி. முழுவதும் பார்த்தார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கும் அந்த நான்கு நிமிடமும் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் கேட்டார், "எல்லாத்தையும் சொன்னவன் எண்டுறார். என்ன சொன்னவர்? அது எங்க?"

அது எங்கேயும் இல்லை, அப்பா. அதிகாரியின் கொப்பியில் இல்லை, ஒன்பது பெட்டியிலும் இல்லை. அன்று அந்த அறையில் இருந்து, அதைத் தமிழில் கேட்டு விளங்கியவர் நீங்கள் ஒருவர்தான்.

டொரோட்டாவுக்கு இதைச் சொன்னேன். அவர் தன் வாழ்க்கையில் கடைசியாக ஒரு காட்சி எடுக்கத் தயார் என்றார். கமராவுக்குப் பின்னால் யாராவது கண் தெரிந்தவர் நிற்கட்டும், காட்சியை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் அவர் சொல்வாராம்.

அன்ரியிடம் கேட்டேன், அப்பா வந்தால் நீங்கள் இருப்பீர்களா என்று. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார், "வீட்டை வரவேண்டாம் எண்டுதான் சொன்னனான். இஞ்ச வரட்டும். எனக்கு முன்னால இருந்து சொல்லட்டும்."

கோசலா

டாவோஸ்
17 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அம்மாவும் வருகிறா. டொரோட்டாவிடம் சொல், நான் கமராவைப் பார்த்துக் கதைக்கமாட்டேன். தில்லைநாயகியைப் பார்த்துத்தான் கதைப்பேன். முதலில் குணசேகரம் சொன்னபடி தமிழில், பிறகு அந்த அதிகாரிக்குச் சொல்லியிருக்க வேண்டியபடி, அவருடைய மொழியான ஜெர்மனில். அன்று எனக்கு ஜெர்மன் தெரியாது. இன்று தெரியும். ஆனாலும் மூன்று நாளாக எழுதிப் பார்த்து, பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்துப் பிழை திருத்தி வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் இந்தத் தடவை மாறக்கூடாது.

எனக்கு மறந்திருக்கும் என்று நினைக்கிறாயா? ஒரு சொல்கூட மறக்கவில்லை. மொத்தம் பதினேழு வசனம். அதிகாரி கொப்பியை மூடியபோது, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நான் அதைச் சரியாகத்தான் குணசேகரத்திடம் கேட்டேன். அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து சொன்ன பதிலை, இல்லையாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். அவர் சொன்னது இது:

"என்ர மனுசியின்ர பேர் தில்லைநாயகி. பிள்ளைக்கு இப்ப ஏழு மாசம், பேர் மதுஜா. என்னைத் திருப்பி அனுப்பினா அவைக்கு ஆருமில்லை. இதை வடிவா எழுதச் சொல்லு, குகநாதன்."

அப்பா